குறைந்த மதிப்பெண் வாங்கிய சிஸ்டர்: கீமோ வார்டில் ஒத்துணர்வை அளந்த ஒரு நிகழ்வு ஆய்வு

முதுநிலை செவிலியர் படிப்பு மாணவி ஒருவர், புற்றுநோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்களின் ஒத்துணர்வை, அதாவது நோயாளியின் நிலையில் நின்று புரிந்துகொள்ளும் குணத்தை, அளப்பதைத் தன் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டார். அவருக்கு வழிகாட்டிய ஆசிரியை நான். படிவங்கள் திரும்பி வந்து கூட்டிப் பார்த்தபோது, ஒரு வார்டில் கடைசி இடத்தில் இருந்தவர் யாரென்றால், நோயாளிகள் வாசலிலேயே “அந்த சிஸ்டர் இன்னிக்கு டூட்டியா?” என்று கேட்டுக்கொண்டு வருவார்களே, அவர்தான். அளவுகோல் தப்பா, வார்டு அவரைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் தப்பா? இரண்டிலும் பாதி சரி இருந்தது. அந்தப் பாதி எது என்று தேடியதன் பதிவு இது.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். புதுச்சேரி, கடலூர் சுற்றுவட்டாரத்தில் புற்றுநோய் என்றால் ஜனங்கள் முதலில் ஜிப்மரைத்தான் சொல்வார்கள், அடுத்து சென்னையில் அடையாறு. இவை இரண்டும் இல்லாமல் வேறு ஓர் இடம் இது. செவிலியரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரையோ நோயாளிகளையோ கண்டுபிடிக்க உதவும் விவரங்களை மாற்றியோ விட்டோ இருக்கிறேன். அவரை இங்கே சிஸ்டர் என்றே குறிப்பிடுகிறேன்.

வார்டு

பகல்நேர கீமோ வார்டு. கட்டில் குறைவு, சாய்வு நாற்காலிதான் அதிகம். காலை ஏழரைக்கே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து, கடலூரில் மாறி வருகிறார்கள். பாகூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லை. ரத்தம் எடுத்து, அணு எண்ணிக்கை வந்து, டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மருந்து கலக்கப் போகும். தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,500க்குக் கீழே போனால் பல மருந்துத் திட்டங்களில் அன்றைக்கு கீமோ கிடையாது. “கவுண்ட் கம்மியா இருக்கு, அடுத்த வாரம் வாங்க” என்பதைச் சொல்ல வேண்டியது செவிலியர். வந்தவர் ஒரு நாள் கூலியை விட்டிருப்பார், துணைக்கு வந்தவரும் விட்டிருப்பார். இந்த ஒரு வாக்கியத்தை யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தாலே ஒத்துணர்வை அளந்துவிடலாம் என்று எனக்குச் சில நேரம் தோன்றும். எந்தப் படிவமும் அதைக் கேட்பதில்லை.

சிஸ்டர் டிப்ளமோ முடித்தவர், முப்பதுகளின் பிற்பாதி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை உண்டு. நாலைந்து சுற்று மருந்து ஏறியவர்களுக்குக் கையில் நரம்பு கெட்டிப்பட்டுப் போயிருக்கும், ஊசி ஏறாது. அப்போது மற்றவர்கள் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். நின்றபடி குத்த மாட்டார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கையில் சுற்றிவிட்டு, அது சூடு கொடுக்கும்வரை ஊரில் மழை உண்டா, எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். டாக்ஸோரூபிசின் என்கிற சிவப்பு மருந்தை ஏற்றும்போது, கேட்காமலே, “ஒரு நாள் ரெண்டு நாளைக்கு ஒண்ணுக்கு சிவப்பாத்தான்மா போகும். ரத்தம்னு பயந்துடாதீங்க” என்று சொல்லிவிடுவார். இதைச் சொல்லாமல் விட்டதால் ராத்திரி பதறிப்போய் அவசரப் பிரிவுக்கு ஓடி வந்த குடும்பங்கள் உண்டு.

இவர் சிரித்துப் பேசும் ரகம் இல்லை. குரலும் கொஞ்சம் கறார். இதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

படிவங்கள்

மாணவி மூன்று கருவிகளைப் பயன்படுத்தினார். முதன்மையானது ஜெபர்சன் ஒத்துணர்வு அளவுகோல். அமெரிக்காவில் பிலடெல்பியாவின் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தில் முகமதுரேசா ஹோஜத்தும் அவரது குழுவும் உருவாக்கி 2001இல் வெளியிட்டது. முதலில் மருத்துவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது, பிறகு மற்ற சுகாதாரப் பணியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் தனித்தனி வடிவங்கள் வந்தன. 20 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ‘அறவே இல்லை’ முதல் ‘முழுக்க ஆமாம்’ வரை 7 கட்டம். மொத்தம் 20க்கும் 140க்கும் இடையில் வரும். பாதி வாக்கியங்கள் தலைகீழாக எழுதப்பட்டவை, அவற்றில் ‘ஆமாம்’ என்றால் மதிப்பெண் குறையும். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கட்டத்தில் டிக் அடிப்பவர்களைப் பிடிக்க இது ஒரு வழி.

ஹோஜத் ஒத்துணர்வை முதன்மையாக அறிவின் வேலையாகவே வரையறுக்கிறார். நோயாளியின் அனுபவத்தையும் கவலையையும் அவர் நிற்கும் இடத்திலிருந்து புரிந்துகொள்வது, புரிந்ததை அவருக்குத் தெரியப்படுத்துவது, உதவும் எண்ணத்தோடு அதைச் செய்வது. கூடச் சேர்ந்து அழுவதை அவர் இதில் சேர்ப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மார்க் டேவிஸ் 1980இல் உருவாக்கிய ஆளிடை எதிர்வினைக் குறியீடு. 28 வாக்கியங்கள், ஏழு ஏழாக நாலு பிரிவு: அடுத்தவர் கோணத்தில் பார்ப்பது, கற்பனைக் கதாபாத்திரங்களோடு ஒன்றிப்போவது, அடுத்தவர் மேல் அக்கறை, அடுத்தவர் துன்பத்தைப் பார்த்துத் தானே கலங்குவது. சீரியல் பார்த்துக் கண்ணைக் கசக்குபவர்களுக்கு இரண்டாம் பிரிவில் நல்ல மதிப்பெண் விழும். கீமோ வார்டில் அதற்கு என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நாலாம் பிரிவுதான் நமக்கு முக்கியம்.

மூன்றாவது நோயாளிகள் நிரப்புவது. ஸ்காட்லாந்தில் ஸ்டூவர்ட் மெர்சர் குழுவினர் 2004இல் வெளியிட்ட கேர் அளவை. பத்தே கேள்வி. பேச விட்டாரா, காது கொடுத்துக் கேட்டாரா, தெளிவாக விளக்கினாரா என்கிற மாதிரி. 10 முதல் 50 வரை மதிப்பெண்.

கொடுத்த விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செவிலியர் படிவங்களை முதல் சுற்றில் வார்டு இன்சார்ஜ் மூலமாக விநியோகித்தார்கள். வழக்கமான நடைமுறைதான், அனுமதிக் கடிதமும் அவர் பெயருக்குத்தான் இருந்தது. விளைவு எதிர்பார்த்த மாதிரியே: பெரும்பாலான படிவங்களில் நல்ல வாக்கியங்களுக்கு எல்லாம் 7, தலைகீழ் வாக்கியங்களுக்கு எல்லாம் 1. மதிய டூட்டிக்காரர்கள் சிலருடைய படிவங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை போலவே இருந்தன. மேலதிகாரி தரும் தாளில் ‘நோயாளியின் உணர்ச்சி எனக்கு முக்கியமில்லை’ என்று யார் எழுதுவார்கள்?

ஒருவர் எழுதினார்.

சிஸ்டரின் தாள்

கூட்டிவிட்டுச் சராசரி எடுத்தால் ஆய்வேடு முடிந்துவிடும். மாணவி ஒரு படி மேலே போனார். சம்மதித்தவர்களோடு டீ நேரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பதிலுக்கும் “ஏன் இந்தக் கட்டம் போட்டீங்க?” என்று கேட்டார். கேள்வித்தாளை உருவாக்குகிறவர்கள் கேள்வி சரியாகப் புரிகிறதா என்று சோதிக்கப் பயன்படுத்தும் முறை இது. இங்கே அது கேள்வியைவிட ஆளைப் பற்றி அதிகம் சொன்னது.

சிஸ்டரின் மதிப்பெண்ணைக் கீழே இழுத்தவை மூன்று நாலு வாக்கியங்கள்தான். நோய்க்கு வைத்தியம் பார்ப்பதில் உணர்ச்சிக்கு இடமில்லை என்ற பொருளில் ஒன்று வரும், அதற்கு அழுத்தி ‘ஆமாம்’ போட்டிருந்தார். கேட்டதற்கு, “சிவப்பு மருந்து ஏத்தும்போது எனக்குக் கண்ணு கலங்குனா யாருக்கு நஷ்டம்?” என்றார். அவர் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. டாக்ஸோரூபிசின் நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் தசை வெந்து புண்ணாகும், சில நேரம் அறுவை சிகிச்சைவரை போகும். ஊசி இருக்கும் இடத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரம் கட்டத்தான் வேண்டும். ஹோஜத்தின் வரையறையை வைத்துப் பார்த்தால் இவர் சொன்னதில் பெரிய குற்றமில்லை. அவருடைய படிவத்தை வைத்துப் பார்த்தால் மதிப்பெண் போய்விட்டது.

நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உள்ள பாசப்பிணைப்பு தன்னைப் பாதிக்க விடுவதில்லை என்ற வாக்கியத்துக்கும் ‘ஆமாம்’. இதற்கு அவர் சொன்ன காரணம்தான் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. நம் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்வதில்லை. “கட்டின்னுதான் சொல்லி வெச்சிருக்கோம் சிஸ்டர், நீங்க எதையும் உளறிடாதீங்க” என்று மகன் வாசலிலேயே கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வார். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் உள்ளே நாற்காலியில் இருக்கும் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். பலகையில் எழுதியிருக்கிறது, பக்கத்து நாற்காலியில் முடி கொட்டியவர் உட்கார்ந்திருக்கிறார், கரண்ட் வைக்கும் (கதிர்வீச்சு) அறைக்கு வழி கேட்டு ஆள் வருகிறது. ஒரு நாள் மகன் கேண்டீனுக்குப் போன நேரத்தில் ஓர் அம்மா கேட்டாராம்: “இது அந்த நோவுதானே பாப்பா?”

சிஸ்டர் பொய் சொல்லவில்லை, உண்மையைப் போட்டு உடைக்கவும் இல்லை. “உங்களுக்கு என்ன தோணுதும்மா?” என்று கேட்டிருக்கிறார். அம்மா தனக்குத் தோன்றியதை எல்லாம் சொல்லியிருக்கிறார். அப்புறம், “பையனுக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே, பாவம், அவன் தாங்க மாட்டான்” என்று முடித்திருக்கிறார். கெட்ட செய்தி சொல்வதற்கு 2000இல் பெய்லும் பக்மனும் மற்றவர்களும் வகுத்த ஆறு படி முறையில், எதையும் சொல்லும் முன் நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது ஒரு படி. சிஸ்டர் அதைப் படித்ததில்லை.

சரி, படிவத்துக்கு வருவோம். குடும்பப் பாசம் தன்னைப் பாதிக்க விட்டிருந்தால் மகன் பக்கம் நின்று அம்மாவின் வாயை அடைத்திருப்பார். அதை மறுத்ததால்தான் அம்மா பேச முடிந்தது. படிவம் இதற்குக் கொடுத்தது மிகக் குறைந்த மதிப்பெண். ஒரே நோயாளி, ஒரே மருத்துவர் என்ற சூழலில் எழுதப்பட்ட வாக்கியம், மகனும் மருமகளும் அக்காவும் சூழ்ந்து நிற்கும் வார்டுக்கு வரும்போது இப்படித்தான் திரும்பிக் கடிக்கும்.

கை

மூன்றாவது வாக்கியம், நோயாளியின் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்பது அவர் உடம்பு உபாதையைப் புரிந்துகொள்ள உதவாது என்ற பொருளில் வருவது. அதற்கும் சிஸ்டர் ‘ஆமாம்’. மாணவி இந்தத் தாளைப் படித்த அதே காலத்தில்தான் வார்டில் நடந்த ஒன்றைத் தன் கண்ணால் பார்த்திருந்தார், அதனால் அவருக்கே குழப்பம்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொல்லை கிராமம் ஒன்றிலிருந்து வரும் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். பெருங்குடல் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வார்டில் ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிவிட்டு, வீட்டில் பதினாலு நாள் கேபசிடபின் மாத்திரை. முதல் மருந்து, குளிர்ந்ததைத் தொட்டால் விரலில் மின்சாரம் பாய்வதுபோல் சுரீர் என்று இழுக்க வைக்கும். இரண்டாவது, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்து தோல் உரிய வைக்கும். இரண்டு மருந்துமே கையைத் தேடி வருபவை.

அன்றைக்கு அந்தப் பெண் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கைகால் எரிச்சல் உண்டா என்ற வழக்கமான கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில், அட்டையில் ‘இல்லை’ என்று எழுதியாகிவிட்டது. சிஸ்டர் ஊசி போட வந்து கையைக் கேட்டார். இடது கையை மட்டும் கொடுத்தார். “அதையும் காட்டுங்க ஆயா.” வலது கை வெளியே வந்தது. விரல் நுனிகள் கருத்து, தோல் வெடித்து, கட்டைவிரல் ஓரம் சிவந்து பளபளவென்று இருந்தது. கருமையைப் பார்த்ததும் சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி: “கொட்டை உடைக்கப் போறீங்களா?”

முந்திரிக்கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் பொசுக்கும், கருக்க வைக்கும். உடைப்பவர்கள் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் கை கருக்காமல் இருக்காது. அந்தப் பெண் போய்க்கொண்டுதான் இருந்தார். மருத்துவச் செலவு ஒரு பக்கம், சும்மா உட்கார்ந்திருந்தால் மருமகள் என்ன நினைப்பாள் என்பது இன்னொரு பக்கம். கை இப்படி இருப்பது தெரிந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் எல்லாவற்றுக்கும் மேலே.

இதோடு விட்டிருந்தால் ‘முந்திரி எண்ணெய்’ என்று எழுதி ஒரு களிம்பு கொடுத்து அனுப்பியிருப்பார்கள். சிஸ்டர் கீழே குனிந்து, “செருப்பைக் கழட்டுங்க” என்றார். உள்ளங்காலும் சிவந்திருந்தது, குதிகால் பக்கம் தோல் தடித்திருந்தது. காலால் யாரும் முந்திரி உடைப்பதில்லை. அப்படியென்றால் இது மாத்திரையின் வேலை. முந்திரி எண்ணெயும் உராய்வும் அதன்மேல் சேர்ந்து கையை இன்னும் கெடுத்திருக்கின்றன. டாக்டரைக் கூப்பிட்டார். நடந்தால் வலிக்கிறது, பாத்திரம் தேய்க்க முடியவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. இரண்டாம் நிலை பாதிப்பு என்று பதிவாகி, மாத்திரையைத் தள்ளிப்போட்டு, புண் ஆறிய பிறகு அளவைக் குறைத்து ஆரம்பித்தார்கள். மருந்து நிற்கவில்லை. யூரியா களிம்பு, பருத்தி உறை, வெந்நீர் வேண்டாம். கொல்லைக்காரரிடம் பேசி, உடைப்பதை விட்டுவிட்டுப் பருப்பைத் தரம் பிரிக்கும் வேலைக்கு மாற முடியுமா பாருங்கள் என்று சொன்னதும் சிஸ்டர்தான். ஆயா மாறிக்கொண்டார், கூலி கொஞ்சம் குறைவாம்.

இவ்வளவும் செய்தவர் எப்படி அந்த வாக்கியத்துக்கு ‘ஆமாம்’ போட்டார்? மாணவி கேட்டதும் சிஸ்டருக்கே ஆச்சரியம். “சொந்த வாழ்க்கைன்னா கடன், புருஷன் பொண்டாட்டி சண்டை, அதெல்லாம்னு நெனச்சேன். அதைக் கிளறினா பேசிக்கினே இருப்பாங்க, எட்டு பேர் காத்திருப்பாங்க. என்ன வேலை செய்யறாங்கன்னு கேக்கறது நர்சிங்தானே?” அவர் மதிப்பெண்ணை இழந்தது இரக்கம் குறைந்ததால் இல்லை. ஒத்துணர்வு என்று படிவம் எதைச் சொல்கிறதோ அதை அவர் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார். தனியாக ஒரு நற்குணமாக அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஒதுங்கிய நாற்காலி

இத்தோடு முடித்திருந்தால் ‘படிவம் தோற்றது, சிஸ்டர் வென்றார்’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். டேவிஸின் படிவம் அதற்கு விடவில்லை.

அதில் சிஸ்டரின் ‘தானே கலங்குவது’ பிரிவு வார்டிலேயே மிக அதிகம். அவசரத்தில் தவிக்கும் ஒருவரைப் பார்த்தால் தான் நிலைகுலைந்துவிடுவதாக ஒத்துக்கொண்டிருந்தார். வெளியே இவ்வளவு கறாராக இருப்பவர். இன்சார்ஜ் சிஸ்டர் முதலில் நம்பவில்லை. பிறகு டூட்டிப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற வரும் ஓர் இளம்பெண், கிட்டத்தட்ட சிஸ்டரின் வயது, கூடவே யூனிபார்மோடு ஒரு பெண் குழந்தையும் வரும். அந்த நாற்காலி சிஸ்டருக்கு ஒதுக்கப்பட்ட நாட்களில் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் வேறொருவருக்கு மாறியிருந்தது. மாற்றிக்கொண்டது சிஸ்டர்.

ஊசி போடக் கூப்பிட்டால் போவார். போட்டுவிட்டு உடனே திரும்பிவிடுவார். அந்தப் பெண், “முடி கொட்டிடுச்சுன்னா பாப்பா ஸ்கூலுக்கு நான் எப்படிப் போறது சிஸ்டர்?” என்று ஒரு தடவை கேட்டபோது, “முடி திரும்ப வளரும்மா” என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறார். பதில் உண்மைதான். கேட்டது அதை இல்லை.

இந்த மாதிரி நழுவல் சிஸ்டரோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் கேத்ரின் போலாக் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய நோயுள்ளவர்களோடு புற்றுநோய் மருத்துவர்கள் நடத்திய 398 உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி தன் மனவேதனையை வாய்விட்டுச் சொன்ன தருணங்களில், மருத்துவர்கள் அந்தப் பேச்சைத் தொடர விட்டது 22 சதவீதம்தான். சிஸ்டரின் விஷயத்தில் காரணம் தெளிவாக இருந்தது. அவரே சொன்னார்: “அந்தப் பாப்பா என் பொண்ணு ஸ்கூல் பையே வெச்சிருக்குது.” உணர்ச்சிக்கு இடமில்லை என்று அவர் அழுத்திப் போட்ட அந்தக் கட்டத்தை இப்போது திரும்பப் பார்த்தால், அதில் பாதி தொழில் ஒழுக்கம், பாதி தற்காப்பு.

இதைக் கண்டுபிடித்தது படிவம். டேவிஸின் நாலாம் பிரிவு இல்லையென்றால் டூட்டிப் பட்டியலை யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள். அடுத்தவர் கோணத்தில் பார்க்கத் தெரிந்தும், அடுத்தவர் துயரத்தில் தானே முங்கிப்போகிறவர்கள் காலப்போக்கில் இரண்டில் ஒன்று செய்கிறார்கள், மரத்துப்போகிறார்கள் அல்லது தள்ளி நிற்கிறார்கள். செவிலியர் துறையில் ‘இரக்கக் களைப்பு’ என்ற பேச்சு 1992இல் கார்லா ஜாய்ன்சன் எழுதிய கட்டுரையிலிருந்தே நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் நம் வார்டுகளில் தள்ளி நிற்பவரை ‘இவங்களுக்கு அந்த பேஷண்ட் பிடிக்கல’ என்று முடித்துவிடுவது வழக்கம்.

நோயாளிகள் போட்ட மார்க்

செவிலியர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்ப முடியாது, நோயாளியைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று தோன்றும். பிரேசிலில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட ஒத்துணர்வு மதிப்பெண்ணுக்கும் நோயாளிகள் அவர்களுக்குப் போட்டதற்கும் தொடர்பில்லை என்று தலைப்பிலேயே சொல்கிறது. அதனால் எங்களுக்கும் இந்தப் பகுதிமேல் நம்பிக்கை இருந்தது.

வந்த தாள்களில் எல்லோருக்கும் எல்லாவற்றிலும் முழு மார்க். கறாரான சிஸ்டருக்கும் முழு மார்க், கடுகடுவென்று பேசும் இன்னொருவருக்கும் முழு மார்க். பாதி காரணம் நன்றி, பாதி காரணம் பயம். அடுத்த தடவை ஊசி போடப் போவது இவர்தானே. இன்னொன்று, நிரப்பியது நோயாளியே இல்லை. “அம்மாவுக்கு எழுதத் தெரியாது, நான் சொல்றேன்” என்று மகன் டிக் அடித்திருப்பார், அவர் பாதி நேரம் வெளியே டீக்கடையில் இருந்தவர். பிரச்சினைகளைச் சமாளிக்கும் பிடி உங்கள் கையில் இருக்கும்படி உதவினாரா என்று பத்தில் ஒரு கேள்வி வரும். அதைப் படித்துவிட்டு ஒரு மகன், “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்றாராம்.

பயன்பட்டது படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி. மாணவி சும்மா பேச்சோடு பேச்சாக, “ஊசிக்கு யார் வந்தா நல்லாருக்கும்?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள், சிலர் பேர் சொன்னார்கள், பலர் சொன்ன பேர் நம் சிஸ்டருடையது. இளம்பெண் சொன்னது வேறு ஒருவர் பேரை.

படித்த விதம்

ஜெபர்சன் அளவுகோலை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2011இல் ஹோஜத் குழு 891 சர்க்கரை நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்தது. அந்த அளவுகோலில் அதிக மதிப்பெண் வாங்கிய மருத்துவர்களிடம் இருந்தவர்களில் 56 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது, குறைந்த மதிப்பெண்காரர்களிடம் 40 சதவீதம். ஆக, அது எதையோ அளக்கிறது. பல மருத்துவர்களையும் பல நோயாளிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த ‘எதையோ’ தெரிகிறது. ஒரே ஒரு செவிலியரின் மொத்த மதிப்பெண்ணை எடுத்து இவருக்கு இவ்வளவு ஒத்துணர்வு என்று சொல்வது வேறு காரியம்.

நம் சிஸ்டரின் மொத்தம் எதையும் சொல்லவில்லை. மேலே சொன்ன மூன்று வாக்கியங்களும் மூன்று வெவ்வேறு காரணங்களால் குறைந்தவை: ஒன்று தற்காப்பு, ஒன்று வார்டின் குடும்ப நிலவரம், ஒன்று கேள்வியைப் புரிந்துகொண்ட விதம். கூட்டினால் மூன்றும் ஒரே எண்ணாகிவிடும். வாக்கியம் வாக்கியமாகப் படித்து ‘ஏன்’ என்று கேட்டபோது ஒவ்வொன்றும் ஒரு வேலையைக் காட்டியது. முழு மதிப்பெண் வாங்கிய தாள்களோடு பேசிப் பார்த்ததில் இந்த மாதிரி எதுவும் கிடைக்கவில்லை. “எல்லாரும் அப்படித்தானே இருக்கணும்” என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது.

கருவி மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வரி. தலைகீழ் வாக்கியங்களில் ‘இல்லை’ வரும் இடத்தில், பதிலிலும் ‘இல்லை’ போட வேண்டியிருந்தால் களைத்த ஆள் குழம்பிப்போகிறார். இரவு டூட்டி முடித்தவர்களிடம் இந்தப் படிவத்தைத் தரவே கூடாது.

பிறகு

இன்சார்ஜ் மூலம் கொடுப்பதை நிறுத்தினோம். இரண்டாம் சுற்றில் மாணவி ஒட்டிய உறையில் தானே கொடுத்துத் தானே வாங்கினார். முழு மார்க் தாள்கள் குறைந்தன, சிலரின் மொத்தம் நன்றாகவே இறங்கியது. இறங்கியதைப் பார்த்து நிர்வாகத்தில் ஒருவர் கவலைப்பட்டார். மதிப்பெண்ணை வருடாந்திர மதிப்பீட்டில் சேர்க்கலாமா என்றும் கேட்டார்கள். சேர்த்தால் அடுத்த வருடம் எல்லோரும் 140 வாங்குவார்கள் என்று சொன்னோம். தனிநபர் தாள் எதையும் தரவில்லை.

வார்டில் இரண்டு மாற்றங்கள் நிலைத்தன. கீமோ அட்டையில் பக்கவிளைவுக் கட்டத்துக்கு மேலே ‘என்ன வேலை, இப்போதும் போகிறாரா’ என்று ஒரு வரியும், ‘தன் நோயைப் பற்றி நோயாளி என்ன சொல்கிறார்’ என்று ஒரு வரியும் சேர்ந்தன. அதை நிரப்பும்போது கையையும் காலையும் கண்ணால் பார்க்க வேண்டும், கேட்டு எழுதினால் போதாது என்று இன்சார்ஜ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மற்றொன்று, ஒரு நாற்காலிக்குப் போக முடியவில்லை என்றால் காரணம் கேட்காமல் மாற்றித் தருவது, ஆனால் மாற்றியதைப் பட்டியலில் எழுதுவது. எழுத ஆரம்பித்த பிறகு தெரிந்தது, சிஸ்டர் மட்டும் இல்லை, இன்னும் இரண்டு பேருக்கும் அப்படி ஒவ்வொரு நாற்காலி இருந்தது.

இளம்பெண்ணின் மீதிச் சுற்றுகளை வேறு செவிலியர் பார்த்துக்கொண்டார். கடைசிச் சுற்றில் சிஸ்டர் ஒரு தடவை போய் உட்கார்ந்தார் என்று மாணவியின் குறிப்பில் இருக்கிறது. என்ன பேசினார்கள் என்பது இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

இரண்டாம் சுற்றில் சிஸ்டரின் மொத்தம் பெரிதாக நகரவில்லை. சொந்த வாழ்க்கை பற்றிய வாக்கியத்தில் மட்டும் எதிர்ப்பக்கக் கட்டத்துக்குப் போயிருந்தார். உணர்ச்சி பற்றியதில் அதே ‘ஆமாம்’. ஆய்வேட்டில் வார்டுகளின் சராசரி அட்டவணையாகப் போயிருக்கிறது, தேர்வாளர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். சிஸ்டரின் பதில்களும் டீ நேரப் பேச்சும் பெயரில்லாமல் பின்னிணைப்பில் இருக்கின்றன.